கட்டடக்கலைத் தொழிலுக்கான விண்ணப்ப ஆவணங்களை ஆயத்த நிலையில் வைத்திருப்பது எப்படி: கொழும்பில் பணியாற்றுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கட்டடக்கலைத் துறையில் வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் ஏனைய துறைகளில் கேட்கப்படாத ஓர் ஆவணமும் கேட்கப்படுகின்றது. சுயவிபரக்கோவையும் சான்றிதழ்களும் மட்டும் போதுமென்றால் இரண்டு மாலைப் பொழுதுகளில் அவற்றைச் சீர்செய்துவிடலாம். தான் வரைந்தவற்றையும் மேற்பார்வை செய்து கட்டுவித்தவற்றையும் காட்டும் போர்ட்போலியோவை அவ்வாறு அவசரத்தில் உருவாக்க முடியாது. அதற்கு வேண்டிய வரைபடங்கள் முன்னைய அலுவலகத்தின் கணினியில் தங்கிவிட்டிருக்கும். புகைப்படங்கள் சக ஊழியர் ஒருவரின் தொலைபேசியில் இருக்கும். கட்டடத்தின் பரப்பளவும் வேலை முடிந்த மாதமும் எவருக்கும் சரியாக நினைவில் இராது. கொழும்பில் சிறிய, நடுத்தர அலுவலகங்களின் வெற்றிடங்கள் பெரும்பாலும் விளம்பரமாவதற்கு முன்னரே வாய்வழியாகப் பரவிவிடுகின்றன. வியாழக்கிழமை வந்த வட்ஸ்அப் செய்திக்குத் திங்கட்கிழமைக்குள் ஆவணங்களை அனுப்ப வேண்டிய நிலையில் பழைய கோப்புகளைத் தேடிக்கொண்டிருப்பவர், தம் திறமையில் பாதியைக்கூடக் காட்ட முடியாமற் போகின்றார்.

ஆகையால் இந்த வழிகாட்டி, வேலை தேடும் காலத்தைப் பற்றியது என்பதைவிட, வேலையில் இருக்கும் காலத்தைப் பற்றியது என்றே சொல்ல வேண்டும். ஒரு செயற்றிட்டம் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டும்போதும் சிறிது நேரம் ஒதுக்கிப் பதிவு செய்துகொண்டால், பின்னர் தேவைப்படும் ஆவணங்கள் அனைத்தையும் அந்தப் பதிவிலிருந்தே எடுத்துவிடலாம்.

முதற்படி: செயற்றிட்டப் பதிவேடு

முதலில் உருவாக்க வேண்டியது சுயவிபரக்கோவை அன்று. நீங்கள் கைவைத்த ஒவ்வொரு செயற்றிட்டத்துக்கும் ஒரு வரி என்ற கணக்கில் எக்செல் தாளொன்றைத் தொடங்குங்கள். இடம், கட்டடத்தின் வகை, காணியின் அளவு, தளங்களின் எண்ணிக்கை, மொத்தத் தளப்பரப்பு, நீங்கள் சேர்ந்த மாதமும் விலகிய மாதமும், அப்போது உங்கள் பதவிப் பெயர், பொறுப்பாக இருந்த கட்டடக்கலைஞர், கட்டமைப்புப் பொறியியலாளர், கட்டடச் செலவைக் கணக்கிடும் கியூஎஸ், ஒப்பந்தகாரர் ஆகியோர், அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் கிடைத்த திகதி, சி.ஓ.சி. என்று எல்லோரும் அழைக்கும் இணக்கச் சான்றிதழ் கிடைத்த திகதி, செயற்றிட்டத்தின் இன்றைய நிலை ஆகியவை இதில் இடம்பெற வேண்டும். பரப்பளவை இரண்டு அலகுகளிலும் குறித்து வையுங்கள். நமக்குப் பேர்ச்சஸும் சதுர அடியும் பழகிப்போனவை. ஆனால் டுபாயிலோ மெல்பேர்னிலோ இருந்து வாசிப்பவருக்கு "10 பேர்ச்சஸ்" என்பது எதையும் உணர்த்தாது. ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். ஆகவே 10 பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர்.

இந்தத் தாளில் மிக முக்கியமான கட்டம் "நான் செய்தது" என்பதாகும். பெரும்பாலானோர் சறுக்குவதும் இங்கேதான். "நாவலையில் ஒரு வீட்டு வடிவமைப்பில் பங்களித்தேன்" என்ற வாக்கியம் உண்மையாக இருக்கலாம்; ஆனால் அதை வாசிப்பவர் உங்களைப் பற்றி எதையும் அறிந்துகொள்வதில்லை. அதே வேலையைப் பின்வருமாறு எழுதிப் பாருங்கள்: "நாவலையில் 10 பேர்ச்சஸ் காணியில் 2,800 சதுர அடி கொண்ட மூன்று தள வீடு. எண்ணக்கரு வடிவமைப்பு பொறுப்புக் கட்டடக்கலைஞருடையது. மாநகர சபைக்குச் சமர்ப்பித்த வரைபடத் தொகுதி, மாடிப்படியினதும் மரக் கதவு ஜன்னல்களினதும் விவர வரைபடங்கள் ஆகியவற்றை நான் தயாரித்தேன். அத்திவாரம் முதல் கூரை வரை வாரந்தோறும் சைட்டுக்குச் சென்று, ஒப்பந்தகாரரின் கேள்விகளுக்கான பதில் வரைபடங்களை வழங்கினேன்." இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை. எண்ணக்கரு தம்முடையதன்று என்று வெளிப்படையாகச் சொல்லியிருப்பதே மற்றைய வரிகளுக்கு நம்பகத்தன்மையைத் தருகின்றது.

கொழும்பின் கட்டடக்கலை வட்டம் மிகச் சிறியது என்பதை மறந்துவிடக் கூடாது. உங்களை நேர்முகம் காண்பவர், நீங்கள் காட்டும் கட்டடத்தை வடிவமைத்தவரோடு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் படித்தவராக இருக்கலாம். அந்தக் கட்டடத்தின் பொறியியலாளர் இன்று அவருடைய செயற்றிட்டத்திலும் பணியாற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும்.

கட்டி முடிக்கப்படாத வேலைகளையும் பதிவேட்டில் சேருங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியோடு இடைநின்ற செயற்றிட்டங்கள் பலருடைய அனுபவத்தில் உண்டு. "வேலை வரைபடங்கள் நிறைவுற்றன, நிதி காரணமாகக் கட்டுமானம் தொடங்கவில்லை" என்று எழுதுவதில் குறைவேதும் இல்லை. அந்தக் காலத்தில் தொழிலின்றி இருந்தவர்களும் வேறு வேலை பார்த்தவர்களும் அதை ஒரே வரியில் நேராகச் சொல்லிவிடலாம். இந்நாட்டில் விண்ணப்பங்களை வாசிக்கும் எவருக்கும் அந்த ஆண்டுகளைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் படி: வரைபடங்களைச் சேகரித்தல், அதற்கான அனுமதி

பதிவேடு உங்களுடையது. வரைபடங்கள் அப்படியல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் ஒருவர் தம் தொழிலின் பகுதியாக ஆக்கியவற்றின் பொருளாதார உரிமை, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, தொழில் வழங்குநரையே சேரும். ஆகவே விலகும் நாளன்று பென் டிரைவில் முழுக் கோப்புறையையும் அள்ளிக்கொண்டு போவது முறையும் அன்று, பயனும் அன்று. வேலையில் இருக்கும்போதே பொறுப்பாளரிடம், "இந்த வீட்டின் வெட்டுமுகத்தையும் மாடிப்படி விவரத்தையும் என்னுடைய போர்ட்போலியோவில் அலுவலகத்தின் பெயரோடு சேர்க்கலாமா, சேர்?" என்று கேளுங்கள் (வெட்டுமுகம் என்பது கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டியதுபோல் காட்டும் வரைபடம்). நல்ல உறவில் இருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். பதிலை மின்னஞ்சலில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி, தூதரகம், பாதுகாப்புத் தரப்பு ஆகியவற்றின் கட்டடங்களும், இரகசியக் காப்பு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்ட வேலைகளும் இதற்கு விலக்கு; அவற்றைப் படமின்றி ஒரு வரி விபரமாகக் குறிப்பிடுவதோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பானது. தனியார் வீடாயின் உரிமையாளரின் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் நீக்கிவிடுங்கள்.

அனுமதி பெற்றவற்றை பிடிஎப் வடிவில் சேமியுங்கள். ரெவிட் என்ற வரைபட மென்பொருளின் புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஓட்டோகேட் கோப்போடு இணைத்த படங்கள், அவற்றின் மூலக் கோப்புகள் இல்லாத வேறு கணினியில் காணாமற் போய்விடும். பிடிஎப் மட்டும் பத்து ஆண்டுகளின் பின்னரும் அப்படியே திறக்கும். கைவரை ஓவியங்களையும், அட்டை மாதிரிகளின் படங்களையும், திருத்தங்கள் சிவப்பு மையால் குறிக்கப்பட்ட இடைக்கால வரைபடங்கள் ஓரிரண்டையும் விட்டுவிடாதீர்கள். முடிந்த கட்டடத்தின் அழகிய படத்தைவிட, ஒரு முடிவு எப்படி மாறியது என்பதைக் காட்டும் அந்தத் தாள்தான் நேர்முகத்தில் உரையாடலைத் தொடக்கி வைக்கும்.

புகைப்படங்களைக் கட்டுமானம் நடக்கும்போதே எடுக்க வேண்டும். கொங்கிரீட் இடுவதற்கு முந்திய கம்பி வேலை, பூச்சுக்கு முந்திய சுவர், கூரை மரம் ஏறிய நாள் ஆகியவை மறுபடியும் கிடைப்பதில்லை. தொழில்முறைப் புகைப்படக் கலைஞர் எடுத்த படமாயின் அவரது பெயரைப் படத்தின் கீழ் குறிப்பிடுவது அவசியம்.

மூன்றாம் படி: சுயவிபரக்கோவை

இங்கு முதலில் தீர்க்க வேண்டியது, உங்களை நீங்கள் என்னவென்று அழைத்துக்கொள்ளலாம் என்ற கேள்வி. இலங்கையில் 1976ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் 1996இல் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்துக்கும் கட்டடக்கலைஞர் பதிவுச் சபைக்கும் அடித்தளமாக உள்ளன. கட்டடக்கலைப் படிப்பின் பாகம் 1, பாகம் 2 ஆகியவற்றை முடித்தவர் பாகம் 3 தொழில்முறைப் பரீட்சையில் சித்தியெய்திப் பதிவு பெறும்வரை தம்மை ஆர்க்கிடெக்ட் என்று எழுதுவது தவறு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்தவரானாலும் சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரில் படித்தவரானாலும் இது பொருந்தும். பிரித்தானியாவிலும் 1997ஆம் ஆண்டின் சட்டம் இந்தப் பெயரைப் பாதுகாக்கின்றது. சிங்கப்பூரிலும் அவுஸ்திரேலியாவிலும் நிலைமை அதுவே. ஆகவே "பட்டதாரிக் கட்டடக்கலை உதவியாளர், பாகம் 2 நிறைவு, பாகம் 3இற்கு ஆயத்தமாகின்றார்" என்ற வரியை எழுதத் தயங்க வேண்டாம். உங்கள் நிலை மாறிய அன்றே இந்த வரியையும் மாற்றுங்கள். பட்டயக் கட்டடக்கலைஞராகி ஓராண்டு கடந்த பின்னரும் பழைய பதவிப் பெயரோடு சுயவிபரக்கோவையை அனுப்புபவர்கள் இருக்கின்றார்கள். அது பணிவாகத் தோன்றாது, கவனக்குறைவாகவே தோன்றும்.

இரண்டு பக்கங்கள் போதும். அண்மைய வேலை முதலில் வர வேண்டும். ஒவ்வொரு வேலையின் கீழும் பதிவேட்டிலிருந்து எடுத்த இரண்டு அல்லது மூன்று செயற்றிட்டங்கள் போதுமானவை. ஓ/எல் பெறுபேறுகளை ஒவ்வொரு பாடமாக எழுதும் பழக்கத்தைத் தனியார் அலுவலகங்களுக்கான பிரதியில் கைவிடலாம். மதம், திருமண நிலை, புகைப்படம் ஆகியவை உள்ளூரில் இன்னும் வழக்கத்தில் உள்ளன. பிரித்தானியாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ அனுப்பும் பிரதியில் அவற்றை முற்றாக நீக்கிவிடுங்கள்.

மென்பொருள் திறனை ஐந்து நட்சத்திரங்களாகவோ நூற்றுவீதப் பட்டைகளாகவோ காட்டும் பாணி எனக்கு ஒருபோதும் பயனுள்ளதாகத் தோன்றியதில்லை. "ரெவிட் 80 வீதம்" என்பதற்கு என்ன பொருள்? "ரெவிட்: ஆறு தள அடுக்குமாடியின் வேலை வரைபடத் தொகுதியை முழுமையாகத் தயாரித்திருக்கின்றேன், ஓட்டோகேட்: நாளாந்தப் பயன்பாடு, லூமியன்: வாடிக்கையாளருக்குக் காட்டும் படங்களுக்கு மட்டும்" என்று எழுதினால் அலுவலகம் உங்களை முதல் வாரத்தில் எந்த வேலையில் அமர்த்தலாம் என்று உடனே கணித்துக்கொள்ளும்.

சட்டவிதிகள் பற்றிய அறிவையும் அவ்வாறே குறிப்பாக எழுதுங்கள். 2021இல் வெளியான நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளின் கீழ் எத்தகைய கட்டடங்களுக்கு அனுமதி பெற்றுக்கொடுத்தீர்கள் என்பது கொழும்பு அலுவலகத்துக்குப் பெறுமதியான தகவல்.

மொழிகளைப் பொறுத்தவரை தமிழ் பேசுவோர் தம் பலத்தைக் குறைத்தே எழுதுகின்றனர். வடக்கு, கிழக்கிலும் மலையகத்திலும் வேலை செய்யும் கொழும்பு அலுவலகம் ஒன்றுக்கு, பிரதேச சபை அதிகாரியோடும் வீட்டு உரிமையாளரோடும் தமிழில் பேசி முடிக்கக்கூடியவர் தேவை. அதே வேளை, சைட்டில் மேசனோடு சிங்களத்தில் பேச முடியுமா என்ற கேள்வியும் வரும். பேசுவது, வாசிப்பது, எழுதுவது ஆகிய மூன்றையும் தனித்தனியே உள்ளபடி குறிப்பிடுங்கள்.

வேறு துறையிலிருந்து இதற்குள் வந்தவர்கள் தம் முன்னைய வாழ்வை மறைக்க வேண்டியதில்லை. இலங்கையின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா முன்னர் சட்டத்தரணியாக இருந்தவர். கட்டடக்கலைஞராகத் தகைமை பெற்றது 1957இல், தமது 38ஆவது வயதில்தான்.

நான்காம் படி: போர்ட்போலியோ

ஒரே போர்ட்போலியோவை எல்லோருக்கும் அனுப்புவது வீண். எல்லாச் செயற்றிட்டங்களும் உள்ள நீண்ட மூலப் பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 15 முதல் 20 பக்கங்கள் கொண்ட மாதிரியைத் தொகுத்தெடுங்கள். ஏ3 கிடைத்தாள் வசதியானது. திரையிலும் பொருந்தும், அச்சிட்டு மேசையில் விரிக்கவும் ஏற்றது. மின்னஞ்சலுக்கான கோப்பு 10 மெகாபைட்டுக்குள் இருக்கட்டும்.

அலுவலக வரைபடத்தை அப்படியே சுருக்கி ஒட்டுவதுதான் அதிகமாகக் காணப்படும் குறை. ஏ1 தாள் ஏ3 ஆகச் சுருங்கும்போது நீள அளவு சரிபாதியாகின்றது. 1:50இல் வரைந்த வெட்டுமுகம் 1:100 ஆகிவிடும், 2.5 மில்லிமீற்றர் எழுத்து 1.25 மில்லிமீற்றராகி வாசிக்க முடியாமற் போகும். அளவுக் கோடுகள், அச்சுக் கோடுகள், குறிப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பல் நிறத் திட்டாகத் தெரியும். ஆகவே அந்த வெட்டுமுகத்தின் பிரதி ஒன்றை எடுத்து அளவுக் கோடுகளையும் குறிப்புகளையும் முடக்குங்கள். வெட்டப்பட்ட சுவர், தளம், அத்திவாரம் ஆகியவற்றின் கோடுகளைத் தடிப்பாக்குங்கள். அப்பால் தெரிபவற்றை மெலிதாக்குங்கள். மாடிப்படியில் ஒரு மனித உருவத்தை நிறுத்துங்கள். மேற்குச் சூரியன் எங்கிருந்து வருகின்றது, மழைநீர் எவ்வழி ஓடுகின்றது என்பதை இரண்டு அம்புக்குறிகளால் காட்டுங்கள். இறுதியாக "1:100" என்ற எண்ணை நீக்கிவிட்டு அளவுப் பட்டை ஒன்றை இடுங்கள். ஏனெனில் திரையில் எந்த அளவில் விரியும் என்பது உங்கள் கையில் இல்லை. இவ்வளவுக்கும் ஒரு பிற்பகல் செல்லும். அந்தப் பிற்பகலை, செயற்றிட்டம் மனத்தில் பசுமையாக இருக்கும்போதே செலவிடுவது நல்லது.

ஒவ்வொரு செயற்றிட்டத்தின் முதற் பக்கத்திலும் அலுவலகத்தின் பெயர், ஆண்டு, பரப்பளவு, உங்கள் பங்கு ஆகியவை ஒரே இடத்தில், ஒரே வடிவில் வர வேண்டும். பல்கலைக்கழக வேலைகளை முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வைத்திருக்கலாம். அதன் பின்னர் இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒன்று மட்டும் போதும். முற்றமும், குளமும், ஒற்றைத் தேமா மரமும் கொண்ட படங்கள் கொழும்பில் விண்ணப்பங்களைப் பார்ப்பவர்களுக்குத் தெவிட்டிப் போயிருக்கின்றன என்பதையும் இவ்விடத்தில் சொல்லி வைக்கலாம். மாறாக, 6 பேர்ச்சஸ் காணியில் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையும் மேல்மாடி வீடும் எப்படி வெளிச்சத்தோடு அமைந்தன என்ற பக்கத்தில் அவர்களின் கண் நிற்கும்.

ஐந்தாம் படி: பெயரும் சான்றிதழ்களும்

தமிழர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பட்டச் சான்றிதழில் முதலெழுத்துக்களோடு ஒரு பெயர், கடவுச்சீட்டில் தந்தையின் பெயரும் விரிந்த இன்னொரு பெயர், அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறிய ஆங்கில எழுத்துக்கூட்டல் என்று ஒருவருக்கே மூன்று வடிவங்கள் இருப்பது சாதாரணம். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று பிரித்துக் கேட்கும் வெளிநாட்டுப் படிவத்தில் சிலர் ஒரு முறை தந்தையின் பெயரையும் மறுமுறை தம் பெயரையும் குடும்பப் பெயராக இட்டுவிடுகின்றனர். கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தையே அடிப்படையாகக் கொண்டு, சுயவிபரக்கோவை, மின்னஞ்சல் முகவரி, லிங்க்ட்இன் பக்கம் ஆகிய எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்துங்கள். சான்றிதழ்களில் வேறுபாடு இருந்தால், இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக்கடதாசி ஒன்றை முற்கூட்டியே பெற்று வைப்பது உதவும்.

தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். புதுக்கடை நீதிமன்றப் பகுதியில் அவர்களை எளிதில் காணலாம். மொழிபெயர்ப்பிலும் கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டலே வரவேண்டுமென முதலிலேயே சொல்லிவிடுங்கள். வளைகுடா நாடுகளுக்குச் செல்ல எண்ணுவோர் பட்டச் சான்றிதழை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் பின்னர் உரிய தூதரகத்திலும் அத்தாட்சிப்படுத்த வேண்டியிருக்கும். வேலை உறுதியான பின் ஓடித் திரிவதைவிட, தூதரக அத்தாட்சிக்கு முந்திய உறுதிப்படுத்தல்களையாவது இப்போதே முடித்து வையுங்கள். எல்லாவற்றையும் வர்ண ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரிலேயே ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் இடுங்கள். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் கருத்தரங்குகளில் பெற்ற தொடர் தொழில்வாண்மை அபிவிருத்திச் சான்றிதழ்களும் இதே கோப்புறைக்கு உரியவை.

ஆறாம் படி: எங்கே அனுப்புகின்றோமோ அதற்கேற்ப

அரச வெற்றிடங்களுக்கு வடிவமைப்பு அழகு எதுவும் உதவாது. நகர அபிவிருத்தி அதிகார சபையோ கட்டடங்கள் திணைக்களமோ வெளியிடும் அறிவித்தலில் உள்ள மாதிரிப் படிவம், முடிவுத் திகதியில் உள்ள வயது, உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகள், உறையின் இடப்பக்க மேல் மூலையில் பதவிப் பெயர், பதிவுத் தபால் என்று கேட்டதைக் கேட்டபடி செய்ய வேண்டும். ஏற்கெனவே அரச சேவையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டியிருப்பதால் சில நாட்களைக் கூடுதலாகக் கணக்கில் எடுங்கள்.

வெளிநாட்டுக்கு எழுதும்போது உங்கள் அனுபவத்தை அவர்களுடைய அளவுகோலில் சொல்லுங்கள். பிரித்தானியக் கட்டடக்கலைஞர் நிறுவகமான ரீபாவின் வேலைத் திட்டம் ஒரு செயற்றிட்டத்தை 0 முதல் 7 வரையான கட்டங்களாகப் பிரிக்கின்றது. 4ஆம் கட்டம் தொழில்நுட்ப வடிவமைப்பு, 5ஆம் கட்டம் உற்பத்தியும் கட்டுமானமும். பதிவேட்டில் இந்த எண்ணுக்கும் ஒரு நிரல் இருந்தால், "3 முதல் 5 வரை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். அவுஸ்திரேலியாவில் குடியேற எண்ணுபவர், வெளிநாட்டுத் தகைமைகளை மதிப்பிடும் அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் அங்கீகாரச் சபைக்குப் பல்கலைக்கழகக் காலத்து ஆவணங்களையும் காட்ட நேரலாம் என்பதால், பழைய ஸ்டூடியோ வேலைகளையும் பாடத்திட்ட விபரங்களையும் வீசிவிடக் கூடாது.

ஏழாம் படி: கடிதமும் சிபாரிசாளர்களும்

முகப்புக் கடிதம் அரைப் பக்கத்துக்கு மேற்பட வேண்டாம். அந்த அலுவலகத்தின் எந்த வேலையை நேரில் சென்று பார்த்தீர்கள், அதனோடு தொடர்புடையதாக உங்கள் போர்ட்போலியோவின் எந்தப் பக்கம் உள்ளது என்பவற்றைச் சொன்னால் போதுமானது. சிபாரிசாளர்கள் உறவினரல்லாத இருவராக இருக்க வேண்டும். ஒருவர் உங்கள் வேலையை நேரடியாக மேற்பார்த்தவர், மற்றவர் ஆசிரியராகவோ சைட்டில் இணைந்து பணியாற்றிய பொறியியலாளராகவோ இருக்கலாம். ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, புதிய சுயவிபரக்கோவையையும் அனுப்பி வையுங்கள். இல்லையேல், நீங்கள் மூன்று ஆண்டுகளுக்கு முன் செய்த வேலையைப் பற்றியே அவர் பேசிக்கொண்டிருப்பார்.

எட்டாம் படி: எப்போது புதுப்பிப்பது

பதிவேட்டில் மாத இறுதியில் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். போர்ட்போலியோவின் மூலப் பிரதியை அனுமதிப்பத்திரம் கிடைத்ததும், கட்டுமானம் முடிந்ததும், உரிமையாளர் குடிபுகுந்து சில மாதங்கள் கழிந்ததும் திறந்து பாருங்கள். சுயவிபரக்கோவையை ஆண்டுக்கு இரு முறை முழுமையாக வாசியுங்கள். தொலைபேசி இலக்கமும் இணைப்புகளும் இன்னும் வேலை செய்கின்றனவா என்பதையும் அப்போதே சரிபாருங்கள். எல்லாவற்றின் பிரதியும் உங்கள் சொந்தக் கணக்கிலுள்ள கூகுள் டிரைவிலும் வெளிவன்தட்டு ஒன்றிலும் இருக்கட்டும். அலுவலக மின்னஞ்சற் கணக்கில் வைத்தவை விலகும் நாளன்றே பூட்டப்பட்டுவிடும்.

ஓர் இடத்துக்கு அனுப்பிய பிரதியை அந்த அலுவலகத்தின் பெயரும் திகதியும் இட்ட தனிக் கோப்புறையில் மாற்றாமல் வையுங்கள். நேர்முகத்துக்கு அழைப்பு வரும்போது அவர்கள் கையில் இருப்பது எந்தப் பிரதி என்று தெரிந்திருக்க வேண்டும். நேர்முகம் முடிந்ததும் கேட்கப்பட்ட கேள்விகளை அதே கோப்புறையில் குறித்து வைத்தால், எந்தப் பக்கம் விளங்கவில்லை என்பது அடுத்த திருத்தத்தின்போது தெரியும். வேலை கிடைத்துப் பழைய அலுவலகத்திலிருந்து விலகுகின்றீர்கள் என்றால், சேர்ந்த திகதி, விலகிய திகதி, பதவிப் பெயர்கள், பணியாற்றிய முக்கிய செயற்றிட்டங்கள் ஆகியவை அடங்கிய சேவைச் சான்றுக் கடிதத்தை இறுதி நாளுக்கு முன்னரே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்துக்கான வரைவைப் பதிவேட்டிலிருந்து நீங்களே தயாரித்துக் கொடுத்தால் கையொப்பம் விரைவாகக் கிடைக்கும்.